ஏழாவது கிரேன்

சோஹார் துறைமுகம். இரவு இரண்டே கால்.
சர்வர் அறைக்குள் பதினெட்டு டிகிரி,
வெளியே காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.
காலையில் புதிய பதிப்பு ஏற்றுகிறார்கள்.
அதற்குள் பெயர்களை
நான் பத்திரப்படுத்த வேண்டும்.

தரவைப் பற்றிக் கவலையில்லை.
கிரேன்கள் நொடிக்கு நொடி கக்குவதெல்லாம்
அறுபது கணினிகளில், எதுவானாலும் மூன்று பிரதி.
ஒரு வட்டு செத்தால் யாரும் அழுவதில்லை;
ரோடெல் வேறொன்றைச் செருகிவிட்டு
நூடுல்ஸுக்கு வெந்நீர் பிடிக்கப் போவான்.

ஆனால் எந்த எண் எடை, எது நேரம்,
எந்த அடைவில் எந்த அட்டவணை
என்று சொல்லும் குறிப்புகள் மட்டும்
ஒரே ஒரு கணினியில், ஒற்றைப் பிள்ளையாக.
மொத்தமும் என் கைப்பேசியில் அடங்கும்.
அது போனால்
நானூறு டெராபைட்டும் அப்படியே இருக்கும்,
41.7 என்று இருக்கும்.
டன்னா, வெயிலா, யாருக்காவது காய்ச்சலா,
கேட்டால் சொல்லாது.

ஏழு மாதமாக இரவுதோறும் நகல் ஓடியிருக்கிறது.
காலைதோறும் 'வெற்றி' என்றொரு மடல்.
வந்து சேர்ந்த பார்சலை
ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சும்மா கிடந்த கணினி ஒன்றில் பிரித்தேன்.
அங்கே 3118 அட்டவணை, இங்கே 3118.
'கலாஸ்' என்றான் முஸம்மில்,
ஜாக்கெட்டைத் தலைவரை இழுத்துக்கொண்டு.
நானும் கிளம்பியிருக்கலாம்.
ஏதோ ஓர் அட்டவணையிடம்
உன்னை விவரி என்று கேட்டுத் தொலைத்தேன்.

உரிமையாளர்: அருமைராஜன்.

மார்ச்சில் அவனுக்கு ஃபைனல் எக்ஸிட்.
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே
வாசல் அட்டை வேலை செய்யாமல் போனதாம்.
நான் பார்த்ததில்லை அவனை.
அவன் நாற்காலியும்
இழுப்பறையில் பாதி தீர்ந்த கோடாலித் தைலமும்
எனக்கு வந்தன.
இருநூற்றுப் பதினான்கு அட்டவணைகள்
இன்னும் அவன் பெயரில் இருக்கின்றன.

எடை என்ற பத்தியின் பக்கத்தில்
குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. அங்கே
??????? ?????? ???? ?????????.
வரி வரியாகக் கேள்விக்குறிகள்.

மூலக் கணினியில் தேடினேன். தமிழ்.
'ஏழாவது கிரேன் பொய் சொல்லும்.
பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் ஏறினால்
காட்டுவதை விட இரண்டு டன் கூட இருக்கும்.
சொல்லிப் பார்த்தேன்.'

நகலெடுக்கும் கட்டளையில் ஒரு சொல்,
எழுத்துரு வகை, லத்தீன் என்று இருந்தது.
யாரோ எங்கிருந்தோ ஒட்டியது.
ஏழு மாதமாக அது அவனை
இரவுக்கொரு தரம் கேள்வியாக மாற்றி
வெற்றி, வெற்றி என்று எழுதியிருக்கிறது.

திருத்தினேன். சேவைகளை நிறுத்தினேன்.
யாரும் எழுதாத பதினொரு நிமிடம்.
மறுபடி நகல், மறுபடி பிரிப்பு.
இப்போது வந்தது:
ஏழாவதின் ழ, கொம்பு முறியாத கிரேன்,
பொய்யின் தலையில் புள்ளி.
இரண்டாவது பிரதியை மஸ்கட்டுக்கு அனுப்பினேன்.
மூன்றாவது என் பையில்;
விதிப்படி கூடாது.

பத்ரியாவுக்கு மடல் எழுதினேன்.
கிரேன், எடை, இரண்டு டன், உடனே பரிசோதிக்கவும்.
ஆங்கிலத்தில் எல்லாம் மூன்று வரியில் முடிந்துவிட்டது.
'சொல்லிப் பார்த்தேன்' என்பதற்கு மட்டும்
நான்கு தரம் எழுதி நான்கும் அழித்தேன்.
அந்தப் 'பார்த்தேன்' எங்கேயும் உட்காரவில்லை.
அவன் எழுதியதைத் தமிழிலேயே ஒட்டி அனுப்பினேன்.
அவள் திரையில்
அது என்னவாகத் தெரியுமோ.

கதவைத் திறந்தேன். கண்ணாடியில் ஆவி.
தூரத்தில் சிவப்பு விளக்குகள் மேலேறி இறங்கின.
இடமிருந்து எண்ணினேன்,
ஐந்து, ஆறு,
துடைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.